ஒரு மணி நேர முடக்கம்: பாசி நஞ்சும் ஹெர்ரிங் குஞ்சுகளும்

முட்டையை விட்டு வெளிவந்து 11 நாளான பசிபிக் ஹெர்ரிங் குஞ்சின் நீளம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். உடல் கண்ணாடி இழை மாதிரி. பின்னால் இருப்பது அப்படியே தெரியும். கிண்ணத்து நீரில் அதைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது இரண்டு கரும்புள்ளிகள், அதன் கண்கள். மெல்லிய முனை ஒன்றால் உடலை லேசாகத் தொட்டால் போதும், வில்லாக வளைந்து துள்ளி வேறு மூலைக்குப் போய்விடும். அதே குஞ்சை, சாக்சிடாக்சின் என்ற பாசி நஞ்சு போதிய அளவு கரைந்த கடல்நீரில் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தால் பதில் இல்லை. தானாக நீந்துவதும் நின்றிருக்கும். செத்துவிட்டதா என்றால், இல்லை. அந்த நச்சு நீரிலிருந்து எடுக்காமல் அப்படியே விட்டுவைத்தாலும் 4 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் கணிசமாகத் தேறி, மறுபடி நீந்தத் தொடங்குகிறது.

சியாட்டில் நகரிலுள்ள வடமேற்கு மீன்வள அறிவியல் மையத்தின் கேத்தி லெஃபேவர், வேரா ட்ரெய்னர், நதானியேல் ஷோல்ஸ் ஆகியோரும், ஹெர்ரிங் மீன்களின் நோய்களை ஆராயும் பால் ஹெர்ஷ்பர்கர் முதலானோரும் சேர்ந்து 2005-இல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இது. படிக்கிறவர்கள் பலரும் 'மீண்டுவிட்டதே, அப்புறம் என்ன' என்று நிம்மதியாகக் கடந்துவிடுவார்கள். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. அந்த ஒரு மணி நேரத்தைச் சுற்றித்தான் இந்த நிகழ்வு ஆய்வை எழுதுகிறேன்.

கடற்புல்லும் உறைசெல்லும்

பியூஜெட் சவுண்ட் என்பது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்குள் நிலத்தைக் குடைந்து நுழையும் கடல். பனியாறுகள் அறுத்துவிட்டுப் போன ஆழமான பள்ளங்கள், நடுநடுவே தீவுகள், காற்றுக்கு ஒதுங்கிய சிறு விரிகுடாக்கள். ஜனவரி பிற்பாதியிலிருந்து ஏப்ரல் வரை ஹெர்ரிங் கூட்டங்கள் இங்கே கரையோரத்துக்கு வருகின்றன. பெண் மீன்கள் கடற்புல்லிலும் கடற்பாசியிலும் முட்டைகளை ஒட்ட, ஆண் மீன்களின் விந்து கலந்து கரையோர நீர் பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிடும். முட்டை ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு புல் இலையைக் கையில் எடுத்தால் ஜவ்வரிசியைக் கோந்து தடவி ஒட்டினது போல அடுக்கடுக்காக இருக்கும். சுமார் இரண்டு வாரத்தில் பொரிகின்றன. வயிற்றில் கட்டிச்சோறு போல மஞ்சள்கருப் பையோடு குஞ்சு வெளியே வருகிறது. அது தீர்ந்ததும் தானே வேட்டையாடினால்தான் உயிர்.

ஹெர்ரிங் நம் மத்திக்கும் சூடைக்கும் உறவு. கடலில் அதன் இடமும் அவற்றின் இடம்தான்: மிதவை உயிரிகளைத் தின்று கொழுத்து, தன்னைவிடப் பெரிய எல்லாவற்றுக்கும் இரையாவது. சினூக் சால்மனும் கடல்நாய்களும் கடற்பறவைகளும் அதை நம்பித்தான் இருக்கின்றன. அதனால் ஹெர்ரிங் குஞ்சுக்கு ஏற்படும் எந்தத் தொல்லையும் ஹெர்ரிங்கோடு நிற்பதில்லை.

அதே நீரில் வாழ்வது அலெக்சாண்ட்ரியம் கேட்டனெல்லா. சாக்சிடாக்சினைத் தயாரிக்கும் பாசி இதுதான். ஒற்றைச் செல் உயிரி, டைனோபிளாஜெல்லேட் வகை. மணி கோத்தாற்போல் பல செல்கள் சேர்ந்து சங்கிலியாக நீந்தும். இரண்டு கசையிழைகள் இருப்பதால் நினைத்த ஆழத்துக்கு ஏறவும் இறங்கவும் அதனால் முடியும். பருவம் சரியில்லாதபோது தடித்த உறை போர்த்திக்கொண்டு சேற்றில் உறங்கும். அந்த உறைசெல்கள் எங்கெல்லாம் குவிந்திருக்கின்றன என்று 2005-இல் பியூஜெட் சவுண்டின் அடிச்சேற்றை எடுத்துப் பார்த்தார்கள். மிக அதிகமாக இருந்த இடங்களில் ஒன்று, வாஷான், மோரி தீவுகளுக்கு இடையில் ஒதுங்கிக் கிடக்கும் குவார்ட்டர்மாஸ்டர் ஹார்பர் விரிகுடா. ஹெர்ரிங் முட்டையிட வரும் விரிகுடாக்களிலும் அது ஒன்று. மேலே கடற்புல்லில் முட்டை, கீழே சேற்றில் உறைசெல். ஒதுக்கமான, நீர் அதிகம் புரளாத இடத்தை இரண்டுமே தேடுகின்றன, வேறு வேறு காரணத்துக்காக.

இந்த நஞ்சு இப்பகுதிக்குப் புதிதில்லை. நீரை வடிகட்டித் தின்னும் மட்டி, சிப்பிகளின் சதையில் அது சேர்ந்துவிடும். 1793 ஜூன் மாதம் ஆங்கிலேயக் கடற்பயணி ஜார்ஜ் வான்கூவரின் கப்பற்குழு இன்றைய கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையில் சிப்பிகளைச் சமைத்துச் சாப்பிட்டது. சிலருக்கு உதடும் கைகாலும் மரத்துப்போயின. ஜான் கார்ட்டர் என்ற மாலுமி சில மணி நேரத்தில் இறந்துபோனார். அந்த இடத்துக்கு வான்கூவர் வைத்த பெயர் 'நச்சுக் குடா' என்ற பொருள்படும் பாய்சன் கோவ். நம் பக்கமும் இது நடந்திருக்கிறது. 1981-இல் தமிழ்நாட்டில் மட்டி சாப்பிட்டு 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள்; மூவர் இறந்தார்கள். அதற்குக் காரணமும் இதே நச்சுக் குடும்பம்தான்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். மன்னார் வளைகுடாவில் கடல் பச்சையாகி மீன்கள் கரையொதுங்கும்போது செய்திகளில் அடிபடும் நாக்டிலூக்கா வேறு உயிரி. அது சாக்சிடாக்சின் தயாரிப்பதில்லை. பெருகி மடியும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மூச்சுத்திணறிச் சாகின்றன, அமோனியாவும் சேரும். கடலின் நிறம் மாறினால் நஞ்சு, மாறாவிட்டால் நல்ல நீர் என்று நினைப்பதும் தவறு. லிட்டருக்குச் சில ஆயிரம் அலெக்சாண்ட்ரியம் செல்கள் இருந்தாலே மட்டிகளில் நஞ்சு உண்ணும் வரம்பைத் தாண்டிவிடும். அப்போது கடல் எப்போதும்போல் தெளிவாகவே தெரியும்.

வாயிலில் செருகிய கட்டை

சாக்சிடாக்சின் என்ற பெயர் சாக்சிடோமஸ் என்ற மட்டியிலிருந்து வந்தது. அலாஸ்காவின் வெண்ணெய் மட்டிகளிலிருந்துதான் இதை முதலில் பிரித்தெடுத்தார்கள். வேலை செய்யும் விதம் எளிமையானது, அதனால்தான் கொடியது. நரம்புச் செல்லில் செய்தி ஓட வேண்டுமென்றால் செல்லின் சவ்விலுள்ள சோடியம் வாயில்கள் திறந்து சோடியம் உள்ளே பாய வேண்டும். சாக்சிடாக்சின் மூலக்கூறு வெளிப்பக்கமிருந்து அந்த வாயிலில் கட்டையைச் செருகினாற்போல் அடைத்துக்கொள்கிறது. பேத்தை மீனின் டெட்ரோடாக்சினும் இதே இடத்தைத்தான் அடைக்கிறது. செய்தி நின்றால் தசை இயங்காது. மனிதனுக்கு மூச்சுத் தசை நிற்கும்போது உயிர் போகிறது.

வளரும் மீனுக்கு இது இன்னொரு விதத்தில் சிக்கல். பெரிய மீனுக்குச் செதில், தடித்த தோல், முழுதாக வளர்ந்த குடல் என்று அரண்கள் உண்டு. அன்று பொரிந்த குஞ்சுக்குச் செவுள்கூடச் சரியாக உருவாகியிருக்காது. சுவாசமே பெருமளவு தோல் வழியாகத்தான். நீரில் கரைந்திருக்கும் எதற்கும் அந்தத் தோல் பெரிய தடையில்லை. அதோடு, நச்சு நீரை விட்டு நீந்தி ஓடவும் அதற்குத் தெம்பில்லை. நீர் எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போக வேண்டியதுதான்.

மூன்று வயது, மூன்று அளவு

ஆய்வாளர்கள் மூன்று வயதுக் குஞ்சுகளை எடுத்துக்கொண்டார்கள்: பொரிந்த அன்றே, 4 நாள், 11 நாள். வெவ்வேறு அடர்வில் சாக்சிடாக்சின் கரைத்த நீரில் 24 மணி நேரமும், இன்னொரு தொகுதியில் பல நாட்களும் வைத்து, இரண்டே இரண்டு விஷயங்களைக் கவனித்தார்கள். தானாக நீந்துகிறதா? தொட்டால் துள்ளுகிறதா?

ஒரு மணி நேரத்துக்குள் இரண்டும் குறைந்தன. பாதிக் குஞ்சுகளிடம் விளைவைக் காட்டத் தேவைப்பட்ட அடர்வு பொரிந்த அன்றைய குஞ்சுக்கு லிட்டருக்கு 1,500 மைக்ரோகிராம். 4 நாள் குஞ்சுக்கு 840. 11 நாள் குஞ்சுக்கு 700.

இந்த வரிசை நான் எதிர்பார்த்ததற்கு நேர் எதிர். பச்சிளங்குஞ்சுதான் நஞ்சுக்கு முதல் பலி என்றுதான் எவருக்கும் தோன்றும். இங்கே வயது ஏற ஏற பாதிப்பும் ஏறுகிறது. யோசித்தால் பொருந்தித்தான் வருகிறது. இது நரம்பைத் தாக்கும் நஞ்சு. நரம்பு மண்டலம் எவ்வளவுக்கு வளர்ந்து வேலைக்கு வந்திருக்கிறதோ அவ்வளவுக்கு அடைபட வாயில்கள் இருக்கும். ஆனால் இந்த வரிசையில் எனக்கு உறுத்துவது வேறு. 11-ஆவது நாள் என்பது மஞ்சள்கருப் பை தீர்ந்து, குஞ்சு தானே இரை தேடியாக வேண்டிய நாள். நீந்தும் திறமை மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அந்தத் திறமையைப் பறிக்கப் பாதியளவு நஞ்சு போதுமானதாக இருக்கிறது.

அடுத்தது அந்த மீட்சி. மூன்று வயதிலும், நச்சு நீரை மாற்றாமலே, குஞ்சுகள் கணிசமாகத் தேறின. நஞ்சை உடைத்துக் கழிக்கும் வழியோ, உடலின் ஒரு மூலையில் கட்டிப்போட்டுவைக்கும் வழியோ சில கடல்மீன் குஞ்சுகளிடம் பரிணாமத்தில் உருவாகியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். நெடுங்காலம் ஒரு நஞ்சோடு ஒரே நீரில் வாழ்ந்த உயிர்கள் அதற்கு ஈடுகொடுக்கப் பழகுவது கேள்விப்படாத விஷயமில்லை. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் அடிக்கடி இந்தப் பாசியைச் சந்திக்கும் மென்னோட்டு மட்டிகளில் சோடியம் வாயிலின் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதையும், அதனால் நஞ்சு அங்கே ஒட்டும் பிடிப்பு ஆயிரம் மடங்கு தளர்ந்திருப்பதையும் மோனிகா பிரிசெல்ஜ் குழு அதே 2005-இல் காட்டியது. ஹெர்ரிங் குஞ்சின் கதை அதிலிருந்து வேறு. மட்டிக்கு நஞ்சு முதலிலேயே சரியாக ஒட்டுவதில்லை. குஞ்சு முதலில் முடங்குகிறது, பிறகுதான் எழுகிறது.

வரிக்குதிரை மீனின் மீதிக் கதை

மீட்சியை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு ஒரு வருடம் முன்பே, 2004-இல், லெஃபேவர், ட்ரெய்னர், ஷோல்ஸ் மூவரும் வரிக்குதிரை மீனில் செய்த ஆய்வு வழி காட்டுகிறது. நம் துணைக்கண்டத்து ஓடைகளைச் சேர்ந்த நன்னீர் மீன் அது; உலகமெங்கும் சோதனைக்கூடங்களில் வளர்கிறது. முட்டை கண்ணாடி போல இருப்பதால் உள்ளே உறுப்புகள் உருவாவதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

லிட்டருக்கு 229 மைக்ரோகிராம் அடர்வில், கருவுற்ற 48 மணி நேரத்திலேயே தொடுகைக்குப் பதில் மங்கத் தொடங்கியது. 4-ஆம் நாள் எல்லாக் குஞ்சுகளும் முடங்கின. அடர்வை 481 ஆக்கியபோது 6-ஆம் நாளுக்குள் எல்லாவற்றுக்கும் வீக்கம்: கண்ணைச் சுற்றி, இதயத்தைச் சுற்றிய உறையில், மஞ்சள்கருப் பையில் நீர் கோத்துக்கொண்டது. இங்கும் வயதில் மூத்தவை விரைவாக விழுந்தன. 2 நாள் குஞ்சு முடங்க 46 மணி நேரம் எடுத்தது. 4 நாள் குஞ்சுக்கு 8 மணி நேரம். 6 நாள் குஞ்சுக்கு 5 மணி நேரம். ஹெர்ரிங் போல நச்சு நீரிலேயே இவை தேறவில்லை. நல்ல நீருக்கு மாற்றியபோது பல குஞ்சுகளுக்கு வீக்கம் வடிந்தது, துள்ளலும் திரும்பியது.

அதோடு முடித்திருந்தால் 'தற்காலிகப் பாதிப்பு, முற்றிலும் மீளக்கூடியது' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் முடிக்கவில்லை. 2-ஆம் நாளிலிருந்து 4-ஆம் நாள் வரை மட்டும் நஞ்சில் வைத்து எடுத்த குஞ்சுகளை நல்ல நீரில் வளர்த்து, 18-ஆம் நாளும் 30-ஆம் நாளும் பார்த்தார்கள். நஞ்சையே காணாத குஞ்சுகளைவிட அவற்றின் வளர்ச்சியும் குறைவு, பிழைத்தவற்றின் எண்ணிக்கையும் குறைவு.

இந்த இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதுதான் விஷயம் புரிகிறது. நஞ்சு போய்விட்டது, குஞ்சு நீந்துகிறது, கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. இருந்தும் மூன்று நான்கு வாரம் கழித்துத் தொட்டியில் எண்ணிப் பார்த்தால் ஆள் குறைகிறது. அதுவும் பகை இல்லாத, வேளைக்கு வேளை தீனி விழும் சோதனைக்கூடத் தொட்டியில்.

அடர்வைப் பற்றி ஒரு கணக்கு

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த எண்களை நேராகக் கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். லிட்டருக்கு 700 மைக்ரோகிராம் என்பது பெரிய அளவு. மனிதர் உண்ணும் மட்டிக்கு விதித்திருக்கும் வரம்பு 100 கிராம் சதைக்கு 80 மைக்ரோகிராம், அதாவது கிலோவுக்கு 800. நீரை வாரக்கணக்கில் வடிகட்டி நஞ்சைச் சேர்த்த மட்டியின் சதையில் இருந்தால் கடையை மூடச் சொல்லும் அளவுக்கு ஏறத்தாழச் சமமானதைச் சோதனைக்கூடத்தில் வெறும் நீரிலேயே கரைத்திருக்கிறார்கள்.

ஒரு அலெக்சாண்ட்ரியம் செல்லில் 50 பைக்கோகிராம் நஞ்சு இருப்பதாக வைத்துக்கொள்வோம் (பைக்கோகிராம் என்பது மைக்ரோகிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). செல்லுக்குச் செல், இடத்துக்கு இடம் இது வெகுவாக மாறும். லிட்டருக்கு 10 லட்சம் செல்கள் என்பதே கனத்த பெருக்கு. அத்தனையும் ஒரே நேரத்தில் உடைந்து நஞ்சைக் கொட்டினாலும் நீரில் சேர்வது 50 மைக்ரோகிராம்தான். 700-ஐ எட்ட 1 கோடியே 40 லட்சம் செல்கள் வேண்டும். விரிகுடா முழுக்க அப்படி ஒரு நிலை வராது. ஆனால் இந்த உயிரி நீந்தக்கூடியது. மேற்பரப்பிலோ ஓர் ஆழத்திலோ மெல்லிய ஏடாகத் திரளும். காற்றும் நீரோட்டமும் அந்த ஏட்டை ஒரு மூலையில் ஒதுக்கும். ஹெர்ரிங் குஞ்சும் அதே நீரோட்டத்தால் அதே மூலையில் ஒதுங்கக்கூடியது. சராசரி அடர்வை வைத்துப் போடும் கணக்கு குஞ்சு நிற்கும் அந்த ஒரு கை நீரைப் பற்றி அதிகம் சொல்லாது.

அதனால் என் முடிவு இது. கரைந்த நஞ்சு மட்டும் ஒரு விரிகுடாவின் குஞ்சுகளை மொத்தமாக முடக்கும் என்று 2005 ஆய்வை வைத்து யாராவது சொன்னால் அது மிகை. கரைந்த நஞ்சு கடல்மீன் குஞ்சின் உடலுக்குள் நுழையும், நரம்பை எட்டும், ஒரு மணி நேரம் போதும் என்பதை அது நிறுவியிருக்கிறது. அதற்கு முன் அந்தக் கதவு இருப்பதையே பெரிதாக யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

தீனியோடு வரும் நஞ்சு

கணக்கில் எடுத்திருந்த கதவு வாய். 1976-இலும் மறுபடி 1979-இலும் ஃபண்டி வளைகுடாவில் அட்லாண்டிக் ஹெர்ரிங் கூட்டமாகச் செத்து மிதந்தது. கனடாவின் ஆலன் வைட் வயிற்றை அறுத்துப் பார்த்தார். முதல் முறை உள்ளே இருந்தவை கடல் வண்ணத்துப்பூச்சி என்று அழைக்கப்படும், சிறகு போன்ற பாதத்தால் நீந்தும் குட்டி நத்தைகள். இரண்டாம் முறை நீர்த்தெள்ளுகள். அவை பாசியைத் தின்று நஞ்சைச் சேர்த்துவைத்திருந்தன. ஹெர்ரிங் அவற்றைத் தின்றது. பின்னர் அவர் பல கடல்மீன்களுக்கு நஞ்சைக் கொடுத்துப் பார்த்தபோது, வாய்வழி கொல்லும் அளவு உடலெடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 400 முதல் 755 மைக்ரோகிராம் என்று வந்தது. ஊசி வழி உடலுக்குள் நேரே செலுத்தினால் 4 முதல் 12 மட்டும். இடையிலுள்ள அந்த மலைபோன்ற வித்தியாசம் குடல் தரும் பாதுகாப்பு. பொரிந்து சில நாளான குஞ்சுக்கு அந்தக் குடலே இன்னும் நேரான ஒரு குழாய்தான்.

குஞ்சுகளின் தீனியிலும் இதே கதை. செயிண்ட் லாரன்ஸ் கழிமுகத்தில் நடந்து 1989-இல் வெளியான ஆய்வு, மீன் லார்வாக்கள் நச்சுப் பாசியை நேராக விழுங்கினாலும், அதைத் தின்ற நுண்விலங்குகளை விழுங்கினாலும் ஆபத்து என்று காட்டியது. 2008-இல் வெளியான இன்னொரு ஆய்வு மூன்று வகை மீன்களின் லார்வாக்களுக்கு, அலெக்சாண்ட்ரியம் தின்ற நுண்ணிறால் போன்ற இரைகளைக் கொடுத்துப் பார்த்தது. சாகாமல் தப்பிய குஞ்சுகளிலும் நீச்சல், இரை பிடிப்பு, பகையிடமிருந்து தப்புவது ஆகியவை பாதிக்கப்பட்டன. கடலில் ஒரு குஞ்சுக்குத் தோல் வழியும் வாய் வழியும் ஒன்றாகவே திறந்திருக்கும். சோதனைக்கூடம் இரண்டையும் பிரித்துத் தனித்தனியாக அளக்கிறது. கடல் அப்படிப் பிரித்துக் கொடுப்பதில்லை.

மூன்றாவது வழியும் உண்டு: தாய். ஃபுளோரிடாவின் செந்நிறப் பாசிப் பெருக்கில் வரும் பிரெவிடாக்சினை மெடாக்கா என்ற சிறு மீனின் முட்டைக்குள் நுண்ணூசியால் செலுத்தி 2001-இல் பார்த்தார்கள். அந்த நஞ்சு சாக்சிடாக்சினுக்கு நேர் எதிர், சோடியம் வாயிலை மூடவிடாமல் திறந்தே வைக்கும். கரு முட்டைக்குள்ளேயே வெட்டி வெட்டி இழுத்தது, முதுகெலும்பு வளைந்தது. பவளப்பாறை மீன்களில் சேரும் சிகுவாடாக்சினுக்கு முட்டைக்கு ஒரு சில பைக்கோகிராமே போதுமானதாக இருந்தது. தாய் மீன் எந்த அறிகுறியும் இல்லாமல் உடலில் சுமக்கும் நஞ்சு முட்டையில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இவை ஒரு சாளரம். சாக்சிடாக்சின் நீரில் எளிதில் கரைவது, கொழுப்பில் தங்காது. ஆகவே ஹெர்ரிங் விஷயத்தில் நீரும் தீனியும்தான் முக்கியமான வழிகள் என்று நினைக்கிறேன்.

அந்த ஒரு மணி நேரத்தில்

மத்தி, ஹெர்ரிங் வகைக் குஞ்சு இரை பிடிப்பதை உருப்பெருக்கியில் பார்த்திருந்தால் மறக்க முடியாது. இரைக்கு நேராக மெதுவாக வந்து நிற்கும். கொத்தப் போகும் பாம்பு தலையைப் பின்னுக்கு இழுப்பது போல் உடலை நெளித்து மடக்கும். பிறகு விடுவித்துப் பாயும். தொடக்க நாட்களில் பல பாய்ச்சல் வீணாகும், சில பலிக்கும். அந்தப் பலிக்கும் சிலவற்றில்தான் அதன் உயிர் இருக்கிறது. சேமித்துவைக்க உடலில் இடமில்லை. மஞ்சள்கரு தீர்ந்த பின் சில நாள் இரை கிடைக்காவிட்டால், பிறகு இரை கிடைத்தாலும் தின்னத் தெம்பிருக்காது.

மறுபக்கம் பகை. இந்த நீரில் ஏக்குவோரியா என்ற சொறிமீன் ஹெர்ரிங் குஞ்சுகளை அள்ளித் தின்பது பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையில் நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. அந்தச் சொறிமீன் துரத்துவதில்லை, இழைகளைப் பரப்பிக்கொண்டு மிதக்கிறது. இழை உடலில் பட்ட கணத்தில் துள்ளி விலகும் குஞ்சுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஆய்வாளர்கள் மெல்லிய முனையால் தொட்டுச் சோதித்த துள்ளல் அதுதான். அதற்கு ஒரு மணி நேரம் விடுமுறை என்றால், கிண்ணத்தில் குஞ்சு மறுநாள் எழுந்து நீந்தும். கடலில் மறுநாள் எழ அது இருக்காது.

இப்படிப் போன குஞ்சு எந்தக் கணக்கிலும் வராது. கரையில் ஒதுங்காது, நாறாது, யாரும் படமெடுத்துப் போட மாட்டார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து முட்டையிட வரும் கூட்டம் சிறுத்திருக்கும், அவ்வளவுதான். அப்போது அதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். பியூஜெட் சவுண்டுக்கு வடக்கே செர்ரி பாயின்ட் கரையில் முட்டையிடும் ஹெர்ரிங் 1970-களின் தொடக்கத்தில் சுமார் 15,000 டன் இருந்தது. 2000-இல் ஆயிரம் டன்னுக்கும் கீழே போய்விட்டது. இந்தச் சரிவைப் பாசி நஞ்சின் தலையில் கட்ட நான் வரவில்லை. நோய், பகை, கரையோரத் தொழிற்சாலைகள், வெப்பம் என்று பலவற்றை அலசியிருக்கிறார்கள். குஞ்சுப் பருவத்தில் ஓசையில்லாமல் உதிர்வதை அளக்கும் பழக்கம் இல்லாதவரை இப்படிப்பட்ட பட்டியலில் பாசி நஞ்சைச் சேர்க்கவும் முடியாது, நீக்கவும் முடியாது என்பதைத்தான் சொல்கிறேன்.

அளக்கும் ஏற்பாடு மனிதனுக்கு இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் மட்டிகளை எடுத்துத் தொடர்ந்து நஞ்சு சோதிக்கிறார்கள், வரம்பைத் தாண்டினால் கரையை மூடுகிறார்கள். அருமையான ஏற்பாடு. அது நம் தட்டை மையமாக வைத்து அமைந்தது. மட்டிச் சதையில் எவ்வளவு என்று சொல்லும். கடற்புல் மேட்டுக்கு மேலே முழங்கால் ஆழ நீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லாது. முட்டையிடும் விரிகுடாக்களில், குஞ்சு பொரியும் வாரங்களில், வடிகட்டிய நீரிலும் வடிகட்டியில் தங்கும் மிதவைகளிலும் நஞ்சைத் தனித்தனியாக அளப்பது இன்றைய கருவிகளுக்குக் கடினமான வேலையில்லை. அதற்குச் செலவிட வேண்டும் என்று யாராவது முடிவெடுக்க வேண்டும்.

நாட்காட்டி

ஹெர்ரிங்கும் அலெக்சாண்ட்ரியமும் இடத்தால் நெருங்கியவை. காலத்தால் முழுதாக அப்படியில்லை என்பது ஒரு ஆறுதல். பெரும்பாலான கூட்டங்கள் ஏப்ரலோடு முட்டையிட்டு முடிக்கின்றன. பியூஜெட் சவுண்டில் மட்டி நஞ்சு பெரிதாக ஏறுவது நீரின் வெப்பம் 13 டிகிரி செல்சியஸைத் தாண்டி, காற்றும் ஆற்று வரத்தும் தணிந்திருக்கும் நாட்களில், முக்கியமாக ஜூலையிலிருந்து நவம்பர் வரை. இரண்டு பருவங்களும் ஓரத்தில்தான் உரசுகின்றன.

அந்த ஓரம் நகரக்கூடியது. ஸ்டெஃபனி மூரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2011-இல் வெளியிட்ட கணிப்பின்படி, 21-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பாசிக்குச் சாதகமான காலம் ஆண்டுக்குச் சராசரியாக 13 நாள் நீளும். தொடக்கம் இரண்டு மாதம் வரை முன்னால் வரலாம், முடிவு ஒரு மாதம் வரை தள்ளிப் போகலாம்.

எல்லா ஹெர்ரிங்கும் ஏப்ரலோடு முடிப்பதுமில்லை. செர்ரி பாயின்ட் கூட்டம் ஏப்ரலில்தான் தொடங்கி ஜூன் தொடக்கம் வரை முட்டையிடுகிறது. அங்கே ஜூன் முதல் வாரம் கடற்புல்லில் ஒட்டிய முட்டை மூன்றாம் வாரத்தில் பொரிகிறது. அந்தக் குஞ்சுக்கு 11 நாள் ஆகும்போது ஜூலை வாசலில் நிற்கும்.